கியர்பாக்ஸ் எண்ணெய் குளிர்ந்த கதை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் சூடு முக்கியமாகப் பிறப்பது பல்சக்கரங்களில் அல்ல. எஞ்சினுக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில். எண்ணெய் நிரம்பிய அந்த எஃகுக் கூட்டுக்குள் தகடுகள் பதித்த இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. எஞ்சினோடு பூட்டிய சக்கரம் எண்ணெயை வீசுகிறது. அந்த வீச்சில் எதிர்ச் சக்கரம் சுழன்று கியர்பாக்ஸை இயக்குகிறது. ஸ்டேட்டர் எனப்படும் மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் திருப்பிவிட்டு, வண்டி புறப்படும் நேரத்தில் முறுக்குவிசையை இரண்டு மடங்கு வரை பெருக்கித் தருகிறது. உலோகமும் உலோகமும் தொடாமல் விசை கடப்பதால் வண்டி உதறாமல் கிளம்புகிறது. ஆனால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலாமல் நழுவும்வரை, கடந்து போகாத திறன் எல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கிவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் தரும் திறன் மொத்தமும் சூடுதான். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விக்கு அமெரிக்கக் கார்த் தொழில் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த பதில்களே, எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் வரலாறு.

இந்தத் தத்துவம் காருக்காகப் பிறந்ததல்ல. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் உந்தியோடு இணைப்பதுதான் அவருடைய கவலை. ஸ்டேட்டர் இல்லாத எளிய வடிவமான திரவ இணைப்பு 1930இல் இங்கிலாந்தின் டெய்ம்லர் கார்களில் இடம்பிடித்தது. அதில் கியரை ஓட்டுநரே முன்கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டியைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். எர்ல் தாம்சன் தலைமையில் உருவான ஹைட்ராமேட்டிக், 1939இன் பிற்பகுதியில், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் விருப்ப உபகரணமாக வந்தது. 1941 மாடல் ஆண்டில் காடிலாக்குக்கும் போனது. அதில் இருந்தது டார்க் கன்வெர்ட்டர் அல்ல, வெறும் திரவ இணைப்பு. முறுக்குவிசையைப் பெருக்கும் வேலையை நான்கு கியர்களே பார்த்துக்கொண்டன. மேல் கியர்களில் எஞ்சின் விசையின் ஒரு பங்கு மட்டுமே திரவத்தின் வழியாகச் செல்லும். மீதி நேராக உலோகத்தின் வழியாகவே கடக்கும்படி அமைத்திருந்தார்கள். நழுவல் குறைவு, ஆகவே சூடும் குறைவு. கியர் மாறும்போது உணரும்படியான ஒரு குலுக்கல் இருந்தது என்பதுதான் அதன் மேலிருந்த குறை. போர்க்காலத்தில் எம்-5 ஸ்டூவர்ட் என்ற இலகு டாங்கியில் இரண்டு காடிலாக் வி-8 எஞ்சின்களும் இரண்டு ஹைட்ராமேட்டிக் பெட்டிகளும் பொருத்தப்பட்டன. சேற்றிலும் மணலிலும் டன் கணக்கான இரும்பை இழுத்துப் பெற்ற பெயரோடு அந்தப் பெட்டி போருக்குப் பின் சந்தைக்குத் திரும்பியது.

சூடு ஒரு தொழில் பிரச்சினையாக மாறியது, குலுக்கல் கூடாது என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கிய பிறகுதான். 1948 மாடல் ப்யூக் ரோட்மாஸ்டரில் வந்த டைனாஃப்ளோவில் ஓட்டம் முழுவதும் டார்க் கன்வெர்ட்டரை நம்பியே இருந்தது. சாதாரண ஓட்டத்தில் கியர் மாற்றமே கிடையாது; நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை வேக வித்தியாசத்தை எண்ணெயே தாங்கிக்கொள்ளும். வெண்ணெயாக ஓடியது என்று வாங்கியவர்கள் மெச்சினார்கள். எஞ்சின் இரைச்சல் முதலில் உயர்ந்து, வண்டி பிறகு மெதுவாகப் பின்தொடரும் அந்த நடையைக் கேலி செய்தவர்களும் உண்டு. மெச்சலுக்கும் கேலிக்கும் காரணம் ஒன்றே: நழுவல். முந்தைய பெட்டியைவிட இது எண்ணெயில் இறக்கிய சூடு மிக அதிகம். எஞ்சினின் குளிர்நீரைக் கொண்டே கியர்பாக்ஸ் எண்ணெயையும் குளிர்விக்கும் ஏற்பாடு இதற்கு அவசியமானது. 1949இல் வந்த பேக்கார்டின் அல்ட்ராமேட்டிக் வேறு வழியை எடுத்தது. வண்டி வேகம் பிடித்ததும் கன்வெர்ட்டரின் இரு பக்கங்களையும் ஒரு கிளட்ச் சேர்த்துப் பூட்டிவிடும். நழுவலும் இல்லை, சூடும் இல்லை. சூட்டை வெளியேற்றுவதைவிடப் பிறக்கவிடாமல் தடுப்பதே மேல் என்ற நல்ல யோசனை அது. செலவு கூடியது என்பதால் மற்ற பெரிய நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ள ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. கிறைஸ்லர் 1978இல்தான் அதைத் தன் பெட்டிகளுக்குள் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கும் பிறகு.

நடுவில் ஒரு விபத்து டைனாஃப்ளோவை எதிர்பாராத இடங்களுக்குக் கொண்டுபோனது. 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் ஆலை தீயில் அழிந்தது. உற்பத்தி வில்லோ ரன் ஆலைக்கு மாறும் வரை காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்கள் பல டைனாஃப்ளோவோடும், போன்டியாக் கார்கள் சில செவர்லேயின் இரண்டு கியர் பவர்கிளைடோடும் விற்பனைக்குப் போயின.

1950களில் நிலைபெற்ற குளிர்விப்பு முறை இன்றும் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களின் அடிப்படை. ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள், குறுக்கு ஓட்ட ரேடியேட்டர் என்றால் பக்கத் தொட்டிக்குள், பித்தளையால் ஆன ஒரு சிறு குழாய்க் கூலர் மூழ்கியிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து இரும்புக் குழாய் வழியாக வரும் எண்ணெய் அதற்குள் புகுந்து, சுற்றியுள்ள நீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். கூடுதல் இடம் வேண்டாம், கூடுதல் விசிறி வேண்டாம். குளிர்காலக் காலையில் எஞ்சின் நீரே எண்ணெயைச் சீக்கிரம் சூடேற்றியும் கொடுக்கும். மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் இது சின்ன உதவி அல்ல. ஆனால் இந்த முறைக்குள் ஒரு வரம்பும் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் ஒருபோதும் சுற்றியுள்ள நீரைவிடக் குளிராது. 1960களின் இறுதியிலிருந்து புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக எஞ்சின்களைக் கூடுதல் சூட்டில் ஓடவிட்டபோது, 82 டிகிரி செல்சியஸில் திறந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் 90 டிகிரியில் திறப்பவை வழக்கமாயின. எஞ்சினுக்காகச் செய்த மாற்றம் கியர்பாக்ஸ் எண்ணெயின் தரைமட்டத்தையும் சத்தமில்லாமல் உயர்த்தியது.

குறைந்த திறன் கொண்ட கார்களில் நீரும் தேவைப்படவில்லை. கன்வெர்ட்டரின் வெளிப்புறத்தில் சிறு தகடுகளைப் பற்றவைத்து, அதை மூடும் கூட்டில் துளைகள் விட்டு, காற்றாலேயே சமாளித்தார்கள். செவி-2 போன்ற சிறிய கார்களில் இந்த வகை இருந்தது. பின்னாளில் அத்தகைய காரில் பெரிய வி-8 எஞ்சினை இறக்கியவர்களுக்கு இது ஒரு பொறி. எஞ்சின் மாறியிருக்கும், கூலர் குழாய்க்கான இடமே பெட்டியில் இருக்காது.

பந்தயக்காரர்கள் ஆட்டோமேட்டிக்கை முதலில் மதிக்கவில்லை. கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை நின்ற நிலையிலிருந்து கடக்கும் டிராக் பந்தயத்தில் கையால் கியர் மாற்றுவதே திறமை என்று இருந்த காலம் அது. 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பி அண்ட் எம் நிறுவனம் இந்த எண்ணத்தை அசைத்தது. ஹைட்ராமேட்டிக் பெட்டியைப் பிரித்து, வால்வுகளை மாற்றி, ஓட்டுநர் விரும்பும் நொடியில் உறுதியாகக் கியர் விழும்படி செய்து, ஹைட்ரோ ஸ்டிக் என்ற பெயரில் விற்றது. கேஸர் எனப்படும் உயர்ந்த முகப்புக் கொண்ட பந்தயக் கார்களில் புகழ்பெற்ற பலவும் அதைக் கொண்டு ஓடின. பிறகு கிறைஸ்லரின் முறை. 1956இல் அறிமுகமான டார்க்ஃப்ளைட், 1962இல் அலுமினியக் கூட்டோடு 727 என்ற எண்ணில் மறுபிறப்பு எடுத்தது. கிறைஸ்லரின் இளம் பொறியாளர்கள் ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்து, 413 கன அங்குல எஞ்சினையும் டாஷ்போர்டில் பொத்தானை அழுத்தி மாற்றும் இந்தப் பெட்டியையும் டாட்ஜ் கார்களில் பூட்டி, கிளட்ச் மிதிப்பவர்களைத் தோற்கடித்தார்கள். அதோடு ஏளனம் நின்றது. சாலைப் பந்தயத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஜிம் ஹாலின் சாப்பரல் கார் டார்க் கன்வெர்ட்டரோடு ஓடி 1965 செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

பந்தயக்காரர்கள் செய்த முக்கிய மாற்றம் கியரில் அல்ல, கன்வெர்ட்டரில். சாதாரணக் காரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரை எட்டும்போது கன்வெர்ட்டர் இறுகிப் பிடிக்கத் தொடங்கும். பெரிய கேம் போட்ட பந்தய எஞ்சின் அந்த வேகத்தில் மூச்சே விடாது. 4,000 சுற்றுக்கு மேல்தான் அதற்கு உயிர் வரும். ஆகவே சிறிய விட்டமும் மாற்றிய தகட்டுக் கோணமும் கொண்ட, 3,500 அல்லது 5,000 சுற்று வரை நழுவவிடும் கன்வெர்ட்டர்களைப் பூட்டினார்கள். ஸ்டால் என்று அவர்கள் அழைத்த இந்த எண், காரை வேகமாகக் கிளப்பியது. கூடவே, தெருவில் ஓட்டும்போதும் காரை எப்போதும் நழுவும் நிலையிலேயே வைத்தது. பிற்பாடு டிரான்ஸ்பிரேக் வந்தது. முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ள, பெட்டி அசையாமல் பூட்டிக்கிடக்கும். ஓட்டுநர் முழு ஆக்ஸிலரேட்டரோடு காத்திருந்து, பச்சை விளக்கு விழுந்ததும் பொத்தானை விடுவார். அந்தச் சில விநாடிகளில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 224 கிலோவாட். பெட்டியும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 10 லிட்டர் எண்ணெய் கொள்ளும் என்றால், அதன் எடை எட்டரை கிலோவுக்கு அருகில். அந்தத் திறன் முழுவதும் அந்த எண்ணெயில் மட்டுமே இறங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் ஏறும். நெடுஞ்சாலையில் 30 குதிரைத்திறனில் சீராக ஓடும் காரில் கன்வெர்ட்டர் 5 சதவீதம் நழுவினால் பிறக்கும் சூடு ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான். இரண்டுக்கும் நடுவில் 200 மடங்கு தூரம். கூலரைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் கேட்டால் பதில் தப்பாகப் போவதற்குக் காரணம் இதுவே. எவ்வளவு நேரம், எந்த நிலையில் நழுவுகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

சூட்டில் எண்ணெய்க்கு என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வட்டத்தில் ஒரு வாய்ப்பாடு நெடுங்காலமாகப் புழங்குகிறது. 80 டிகிரி செல்சியஸில் எண்ணெய் 1,00,000 மைல் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 115 டிகிரியில் வால்வுகளின் மேல் பழுப்பு வார்னிஷ் படியும், 125ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும், 145க்கு மேல் கிளட்ச் தகடுகள் நழுவும். பழைய கனிம எண்ணெய்களுக்கு இது ஓரளவு பொருந்தும். இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிட நன்றாகவே தாங்கும் என்பதால், இந்த வாய்ப்பாட்டை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாமே தவிர அளவுகோலாக அல்ல. டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை. சிவப்பு மாறிப் பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால், எந்த வாய்ப்பாடும் தேவையில்லை.

எண்ணெயின் வரலாற்றிலும் கூலர் ஒருமுறை பலியாகியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கென ‘டைப் ஏ’ என்ற எண்ணெய் வரையறையை வெளியிட்டது. 1950களின் பிற்பகுதியில் அது திருத்தப்பட்டது. 1960களின் இறுதியில் டெக்ஸ்ரான் வந்தது. கிளட்ச் தகடுகள் கடித்துப் பிடிக்காமல் மெதுவாகச் சேர வேண்டும் என்பதற்காக இந்த எண்ணெய்களில் சேர்க்கப்பட்ட பொருள்களில் முக்கியமானது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் அது கெடாமல் இருந்தது. அதற்கு ஈடான மாற்று அப்போது கையில் இல்லை. 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்க, வரத்து அடைபட்டது. அவசரமாக வேறு சேர்மானங்களோடு டெக்ஸ்ரான்-2 வந்தது. அதன் முதல் வடிவம் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருந்த பித்தளைக் கூலரின் பற்றவைப்பை அரித்தது. பற்றவைப்பு விட்டுப்போனால் ரேடியேட்டர் நீர் கியர்பாக்ஸுக்குள் புகும். தண்ணீரும் அதில் கலந்த உறைதடுப்பியான கிளைக்காலும் கிளட்ச் தகட்டின் பசையை இளக்கி, உராய்வுக் காகிதம் உரிந்து வந்துவிடும். அரிப்புத் தடுப்பியைச் சேர்த்த அடுத்த வடிவம் வந்த பிறகே அந்தத் தொல்லை அடங்கியது. கடலில் ஒரு வேட்டை நின்றதன் எதிரொலி டெட்ராய்ட் கார்களின் ரேடியேட்டர் தொட்டிக்குள் கேட்டது என்பது தொழில்நுட்ப வரலாற்றில் அடிக்கடி கிடைக்காத ஒரு விசித்திரம்.

கூடுதல் கூலரைத் தனிச் சரக்காக விற்கும் சந்தையைப் பெரிதாக்கியது பந்தயக்காரர்கள் அல்ல; படகையும் பயண வீட்டையும் பின்னால் கட்டி இழுத்த குடும்பங்கள். மலைச்சாலையில் இரண்டு டன் சுமையோடு ஏறும் ஸ்டேஷன் வாகனுக்கு ரேடியேட்டர் தொட்டிக் கூலர் போதவில்லை. உதிரிபாகக் கடைகளில் கிட் வடிவில் கூலர்கள் வந்தன. கார் நிறுவனங்களும் இழுவைத் தொகுப்பு என்று அதைச் சேர்த்துக் கொடுத்தன. இன்றும் கூலர் பெட்டியின் மேல் வண்டியும் சுமையும் சேர்ந்த எடை பவுண்டுகளில் அச்சிட்டிருப்பது அந்தப் பிறப்பின் அடையாளம். அந்த எண் பந்தயக் காருக்கு ஒன்றும் சொல்லாது.

முதலில் வந்தது குழாய்-தகடு வகை. வளைந்து வளைந்து போகும் ஒரே செம்புக் குழாய், அதன் மேல் செருகிய அலுமினியத் தகடுகள். விலை குறைவு, அடைப்பு குறைவு. ஆனால் எண்ணெய் குழாயின் நடுவே சூடாகவே ஓடிப் போய்விடும். அடுத்தது தட்டு-தகடு வகை. எண்ணெய் பல தட்டையான அறைகளில் பிரிந்து ஓடும். ஒவ்வொரு அறைக்குள்ளும் அதைக் கலக்கிவிடும் நெளிதகடு இருக்கும். அதே பரப்பில் வெளியேறும் சூடு கணிசமாகக் கூடும். மூன்றாவதான அடுக்குத் தட்டு வகையில் தட்டுகளை நேரடியாக அடுக்கிப் பற்றவைத்திருப்பார்கள். உறுதி அதிகம், எண்ணெய் ஓட்டத்துக்குத் தடை குறைவு. குளிர்ந்து கெட்டியான எண்ணெய் அகலமான வழியாக எளிதில் கடந்து, சூடேறி இளகிய பிறகே குறுகிய வழிகளில் பரவும்படி அமைத்த வடிவங்களும் உண்டு. பந்தயத்துக்கும் திறன் கூட்டிய தெருக் காருக்கும் இன்று பெரும்பாலும் வாங்கப்படுவது தட்டு-தகடு, அடுக்குத் தட்டு வகைகள்தான். இடமும் பணமும் இருப்பவர் குழாய்-தகடு வகையை வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

தேர்வில் அளவைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் எண்ணெய் பம்பிலிருந்து கன்வெர்ட்டருக்கும், அங்கிருந்து கூலருக்கும் போய், கூலரிலிருந்து திரும்பி வரும் வழியில்தான் பேரிங்குகளுக்கும் கோள் சக்கரங்களுக்கும் மசகாகிறது. குறுகலான கூலரோ சப்பிய குழாயோ எண்ணெயைத் தடுத்தால், சூடு குறைவதற்கு முன்பே பின்பக்கப் பேரிங் வறண்டு தேயும். எவ்வளவு பெரிய கூலர் என்பதற்கு முன் எவ்வளவு எண்ணெய் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். கிறைஸ்லரின் சர்வீஸ் கையேடுகள் இதற்கு எளிய சோதனை வைத்திருந்தன: திரும்பும் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் விட்டால், 20 விநாடிக்குள் ஒரு குவார்ட், அதாவது லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் வர வேண்டும். வராவிட்டால் கூலரோ குழாயோ அடைத்திருக்கிறது என்று பொருள். பழைய டார்க்ஃப்ளைட்டில் இன்னொரு குணமும் உண்டு. பார்க் நிலையில் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் எண்ணெய் போகவே போகாது. ஓட்டத்துக்கு ஓட்டம் நடுவே காரைப் பார்க்கில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால் குளிரும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். நியூட்ரலில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் எண்ணெய் மட்டத்தை நியூட்ரலில் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

பொருத்தும் முறையும் அனுபவத்தில் படிப்படியாக வடிவம் பெற்றது. கூலரின் இடம் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் முன்னால், புதிய காற்று முதலில் படும் இடத்தில்; நடுவில் சிறிது இடைவெளி விட்டு. ஆரம்பகால கிட்டுகளோடு வந்த பிளாஸ்டிக் கம்பிகளை ரேடியேட்டரின் தகடுகளூடே குத்தி இழுத்துக் கட்டுவது வழக்கம். சுலபம்தான், ஆனால் அதிர்வில் கூலர் அரைத்து அரைத்து ரேடியேட்டர் குழாயில் ஓட்டை போட்டுவிடும். முகப்புச் சட்டத்தில் இரும்புப் பட்டையைப் போல்ட் செய்து அதில் கூலரை நிறுத்துவதே நிற்கும் வேலை. குழாய் வாய்கள் மேலே பார்க்க வேண்டும், அல்லது பக்கவாட்டில். கீழே பார்த்தால் காற்று மேலே சிக்கிக்கொள்ளும்.

எந்தக் குழாய் போவது, எது வருவது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். எஞ்சினைக் கிளப்பிச் சிறிது நேரத்தில் எது முதலில் சூடாகிறது என்று தொட்டுப் பார்த்தே பலர் தெரிந்துகொள்கிறார்கள். ரேடியேட்டர் தொட்டிக் கூலரை விட்டுவைப்பதானால், எண்ணெய் முதலில் அதற்குள் போய், பிறகு கூடுதல் கூலர் வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். முறை மாறினால் குளிர்ந்த எண்ணெயை ரேடியேட்டர் நீர் மறுபடி சூடாக்கி அனுப்பும். ரேடியேட்டரில் உள்ள குழாய் இணைப்பைத் தளர்த்தும்போது உள்பக்க நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்வது கட்டாயம். ஒரே ஸ்பானரால் முறுக்கினால் தொட்டிக்குள் இருக்கும் பித்தளைக் கூலரும் சேர்ந்து திரும்பி, அதன் பற்றவைப்பு கிழியும். அன்று தெரியாது, சில வாரம் கழித்துத் தெரியும். இரும்புக் குழாயை ஹேக்ஸாவால் அறுக்காமல் குழாய் வெட்டியால் வெட்டி, முனையில் புடைப்பு எடுத்து, கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென்று செய்த ஹோஸை மாட்டிக் கிளாம்ப் போட வேண்டும். பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டில் சில மாதங்களிலேயே வெடித்துவிடும். பந்தயக் காரில் எஃகுப் பின்னல் ஹோஸும் மரையிட்ட இணைப்பும்தான். எக்ஸாஸ்ட் குழாய் மேல் சூடான எண்ணெய் தெளித்தால் தீ பிடிக்கும் என்பதைப் பந்தயத் திடல்களில் பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

பழைய பெட்டி எரிந்துபோய்ப் புதிதாகக் கட்டியிருந்தால், பழைய கூலரைத் திரும்ப மாட்டுவதில் லாபம் இல்லை. நெளிதகடுகளுக்குள் சிக்கிய உலோகத் துகளும் கிளட்ச் தூளும் எத்தனை கழுவினாலும் முழுவதும் வராது. முதல் நாளிலேயே அவை புதிய பெட்டிக்குள் இறங்கத் தொடங்கும். முகப்பில் இடமே இல்லாத கார்களில் கூலரைத் தனி மின்விசிறியோடு வண்டியின் அடியிலோ பின்புறத்திலோ வைத்து, எண்ணெய் 80 டிகிரியை எட்டியதும் விசிறி ஓடும்படி சுவிட்ச் இணைக்கிறார்கள். டிராக் பந்தயக் காருக்கு இது முகப்புக் கூலரைவிட உகந்தது. 10 விநாடி ஓட்டத்தில் காற்று வந்து குளிர்விக்க நேரமே இல்லை. குளிர்விக்க வேண்டியது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில். வெப்பமானியின் உணரியைக் கீழ்த்தட்டில் வைத்தால் எண்ணெயின் சராசரி நிலை தெரியும். கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் கன்வெர்ட்டரின் உடனடிக் கோபம் தெரியும். பின்னது அதிக எண் காட்டியதும் பதறுவது புதியவர்களின் வழக்கம்.

கார் நிறுவனங்களே திறன்மிக்க கார்களுக்குக் கூலரைச் சேர்த்துத் தந்ததற்கு நல்ல உதாரணம் 1987 ப்யூக் ஜி.என்.எக்ஸ். ஏ.எஸ்.சி. மற்றும் மெக்லாரன் கூட்டாக மெருகேற்றிய அந்த 547 கார்களில் 3.8 லிட்டர் டர்போ வி-6 எஞ்சின், 200-4ஆர் பெட்டி, தனியாகச் செய்த கன்வெர்ட்டர், அதோடு கியர்பாக்ஸ் கூலர். டர்போ கார் புறப்படுமுன் பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியது. அதாவது சூட்டை வேண்டுமென்றே உண்டாக்குவது. அந்தக் காருக்குக் கூலர் அலங்காரம் அல்ல. 2018இல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் டிரான்ஸ்பிரேக்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்பனைக்கு வந்தது. பந்தயத் திடலின் அந்தத் தந்திரம் உத்தரவாதச் சீட்டோடு கிடைத்த முதல் உற்பத்திக் கார் அது.

இதற்கிடையில் தேவையே வேறாக மாறியிருக்கிறது. எட்டு, பத்து கியர்கள் கொண்ட இன்றைய பெட்டிகளில் வண்டி புறப்பட்ட சில நொடிகளிலேயே கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்கிறது. எண்ணெய் மெல்லியது, உராய்வு குறையட்டும் என்று அதை வேண்டுமென்றே 90 டிகிரிக்கு அருகில் வைத்திருக்கிறார்கள். கூலருக்குப் போகும் வழியில் தெர்மோஸ்டாட் வால்வு இருந்து, எண்ணெய் சூடாகும் வரை கூலரைத் தவிர்க்கிறது. இத்தகைய பெட்டியில் பெரிய கூலரை வால்வில்லாமல் மாட்டினால், குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டியாகி, கியர் மாற்றம் தடுமாறி, எரிபொருளும் கூடச் செலவாகும். முடிந்தவரை குளிர்வித்தால் நல்லது என்ற 1960களின் பாடம் இங்கே செல்லாது.

ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலரின் பழைய பலவீனம் மட்டும் போகவில்லை. 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃப்ரண்டியர் வண்டிகளில் அந்தக் கூலர் விரிசல் கண்டு நீரும் எண்ணெயும் கலந்த விவகாரம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. இளஞ்சிவப்பு நுரையாக மாறிய அந்தக் கலவையை அங்கே ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் என்று அழைத்தார்கள். கடுங்குளிர் இல்லாத ஊரில், பழைய ரேடியேட்டரோடு, ஸ்டால் கூட்டிய கன்வெர்ட்டர் போட்ட காருக்கு, தொட்டிக் கூலரை முற்றிலும் விலக்கிவிட்டு, தெர்மோஸ்டாட் வால்வோடு தனி அடுக்குத் தட்டுக் கூலரைப் பொருத்துவதே பாதுகாப்பான ஏற்பாடு. உறைபனி விழும் ஊரில் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றிவிட்டு இரண்டையும் வரிசையாக வைத்துக்கொள்வது நல்லது.